தமிழ்ப் பக்கத்தில் வரி எங்கே உடைய வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பகுதி இதழ், பள்ளி, கடை, குடியிருப்போர் சங்கம் என்று தமிழில் இணையதளம் நடத்துபவர்களுக்குப் பக்கம் வடிவமைத்துத் தருவது என் வேலை. எழுத்துரு, நிறம் பற்றியெல்லாம் ஒருமுறைதான் கேட்பார்கள். வரி முடிவில் சொல் கோணலாக உடைவதைப் பற்றி மட்டும் கேள்வி நிற்பதே இல்லை. அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஓரளவு தெரிந்தவர்களுக்கானது இது. கட்டளைகளின் பெயரை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன், பழகியவர்களுக்குப் பிடிபட்டுவிடும்.

வரியை எங்கே உடைப்பது என்று பிரவுசர் எப்படி முடிவு செய்கிறது?

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினிக் குறியீடு வகுப்பது யூனிகோடு தரம். அதன் 14ஆம் இணைப்பு முழுக்க இதைப் பற்றியதுதான். ஒவ்வொரு குறியீட்டுக்கும் அதில் ஒரு வகுப்பு உண்டு. எந்த வகுப்புக்குப் பக்கத்தில் எது வந்தால் உடைக்கலாம், எங்கே கூடாது என்று விதிகள் இருக்கின்றன. தமிழ் எழுத்துகள் அதில் சாதாரண எழுத்து வகுப்பு. கால், கொம்பு, கொக்கி, புள்ளி எல்லாம் முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு எழுத்துக்கு நடுவே உடையாது, இடைவெளி வந்தால் உடையலாம். ஆங்கிலத்துக்கும் இதே ஏற்பாடுதான். தாய்லாந்து மொழிக்காரர்களுக்குச் சொல் இடைவெளியே கிடையாது என்பதால் அங்கே பிரவுசர் அகராதியை வைத்துச் சொல் பிரிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தொல்லை நமக்கு இல்லை.

நம் தொல்லை வேறு. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாகச் சொல்வதை நாம் ஒரே சொல்லில் ஒட்டிவிடுகிறோம். ‘நுங்கம்பாக்கத்திலிருந்தும்’ என்பதில் ஊர், சாரியை, உருபு, உம் எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன, இடைவெளி ஒன்றுகூட இல்லை. கணினித் திரையில் இது தெரியாது. கைபேசியில் பெரிய எழுத்தில் தலைப்பு வைத்தால் அந்த ஒரு சொல்லே திரையை விட அகலமாகிவிடும்.

அப்படிச் சொல் பெட்டியை விட்டு வெளியே ஓடுகிறது. முதலில் என்ன செய்வது?

பக்கம் முழுவதற்கும் ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ என்ற பண்பைப் போடுங்கள். அதில் நமக்கு உதவும் மதிப்பு இரண்டு: ‘பிரேக்-வேர்ட்’, ‘எனிவேர்’. சொல் வேறு எப்படியும் வரிக்குள் அடங்கவில்லை என்றால் மட்டும் நடுவில் உடைக்கச் சொல்வது இரண்டுக்கும் பொது. வித்தியாசம் அட்டவணையிலும், உள்ளே இருப்பவற்றை வரிசையாக அடுக்கும் ஃபிளெக்ஸ் பெட்டியிலும் தெரியும். ஒரு பெட்டி எவ்வளவு குறுகலாம் என்று பிரவுசர் கணக்குப் போடும்போது ‘பிரேக்-வேர்ட்’ அந்தக் கணக்கில் சேராது, நீளச் சொல் முழுதாகவே அளக்கப்படும், பெட்டி குறுக மறுக்கும். ‘எனிவேர்’ கணக்கில் சேரும். ஆகவே கட்டண அட்டவணை, பேருந்து நேர அட்டவணை போன்ற இடங்களில் ‘எனிவேர்’ போடுங்கள். ஆனால் அதையே எல்லாப் பத்திகளுக்கும் போட்டால் அட்டவணைக் கட்டங்கள் ஓர் எழுத்து அகலத்துக்குச் சுருங்கி, சொல் மேலிருந்து கீழாகத் தொங்கும் விபரீதமும் நடக்கும். குறைந்தபட்ச அகலம் ஒன்று கொடுத்துவிடுவது நல்லது.

ஃபிளெக்ஸ் பெட்டிக்குள் இருக்கும் பத்தி எதற்கும் அசையவில்லை என்றால் அந்தப் பெட்டியின் ‘மின்-விட்த்’ மதிப்பைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள். பாதி புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

‘வேர்ட்-பிரேக்: பிரேக்-ஆல்’ போட்டால் எளிதாக முடிந்ததே?

முடியாது. அது அவசரத்துக்கு உடைப்பதில்லை, எப்போதும் உடைக்கும். அடுத்த வரியில் தாராளமாக அடங்கக்கூடிய ‘வந்தான்’ என்ற சொல்லைக்கூட இந்த வரியின் ஓரத்தில் வெட்டிப்போடும். ஆயத்த வார்ப்புருக்கள் சிலவற்றில் இது ஏற்கெனவே ஒளிந்திருக்கும். தமிழ்ப் பத்தி வலது ஓரத்தில் கத்தரித்ததுபோல நேராக நின்று, ஒவ்வொரு வரியிலும் சொல் பாதியில் தொங்கினால் முதலில் தேட வேண்டியது இதைத்தான். கண்டால் நீக்கிவிடுங்கள்.

‘சைதாப்பே’ ஒரு வரியிலும் ‘ட்டை’ அடுத்த வரியிலும் வருகிறது. ஒற்றெழுத்து வரியின் முதலில் வரலாமா?

வரக்கூடாது. எழுத்துக் கோக்கும் காலத்திலிருந்து புரூஃப் பார்ப்பவர்கள் சிவப்புப் பேனாவால் சுழிக்கிற இடம் இது. ஒற்று எப்போதும் தனக்கு முந்தைய எழுத்தோடு சேர்ந்து ஒலிக்கும். ‘பேட்’ என்று வாய் ஒருமுறை மூடி, ‘டை’ என்று திறக்கிறது. அசை பிரிக்கும்போதும் ஒற்று முன் எழுத்தோடுதான் போகும். அதனால் ‘பேட்’ என்று ஒரு வரி முடிந்து ‘டை’ என்று அடுத்த வரி தொடங்குவது சரி. ‘ட்டை’ என்று ஒரு வரி தொடங்கினால் படிக்கிற கண் தடுக்கும்.

பிரவுசருக்கு இது ஏன் தெரியவில்லை? ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ பார்ப்பது மொழியை அல்ல, எழுத்தின் எல்லையை மட்டும். யூனிகோடின் 29ஆம் இணைப்பு, பயனர் ஓர் எழுத்தாக உணர்கிற தொகுதி எது என்று வரையறுக்கிறது. அதன்படி ‘பே’ ஒரு தொகுதி, ‘ட்’ ஒரு தொகுதி, ‘டை’ ஒரு தொகுதி. தொகுதிக்கு உள்ளே பிரவுசர் கை வைக்காது, ஆகவே கொம்பும் புள்ளியும் தனியாகப் பிரிந்து போகாது. அந்த மட்டில் சந்தோஷம். ஆனால் இரண்டு தொகுதிக்கு நடுவே எங்கு வேண்டுமானாலும் உடைக்க அதற்கு உரிமை உண்டு. ‘பே’, ‘ட்’ இரண்டுக்கும் நடுவே இடம் போதாமல் போனால் அங்கேதான் வெட்டும். எத்தனை பிரவுசர் மாற்றினாலும் இந்தப் பண்பு மட்டும் இருக்கும்வரை இதே கதைதான்.

எனவே இதை விபத்துக் காப்பாக மட்டும் வையுங்கள். முறையாக உடைக்க மொழி தெரிந்த உடைப்பு வேண்டும். அதன் பெயர் ஹைஃபனேஷன்.

ஹைஃபனேஷன் எப்படி வேலை செய்கிறது? அகராதி வேண்டுமா?

அகராதி வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணினி அறிஞர் டொனால்டு நூத்தின் மாணவரான ஃபிராங்க் லியாங் 1983இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் கொடுத்த வழிதான் இன்றும் பெரும்பாலும் ஓடுகிறது. சிறு சிறு எழுத்துத் துண்டுகளின் பட்டியல் ஒன்று. துண்டுகளின் நடுவே எண்கள். ஒற்றைப்படை எண் இருந்தால் அங்கே உடைக்கலாம், இரட்டைப்படை இருந்தால் கூடாது, பெரிய எண் சின்ன எண்ணை அடக்கும். சொல்லின் மேல் எல்லாத் துண்டுகளையும் பொருத்திப் பார்த்து, ஒவ்வோர் இடத்திலும் எந்த எண் மிஞ்சுகிறதோ அதை வைத்து முடிவு. நூத் உருவாக்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் ஆங்கிலத்துக்கு 4,447 துண்டுகள் இருந்தன. ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, ஒலிப்பது ஒன்று என்பதால் அவ்வளவு தேவைப்பட்டது.

தமிழுக்குச் சில பத்து வரிகள் போதும். ஒலிப்பு எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்பதை நம் எழுத்தே காட்டிவிடுகிறது. உயிர்மெய்க்கு முன்னால் உடைக்கலாம், ஒற்றுக்கு முன்னால் கூடாது, உயிர்க்குறியை மெய்யிலிருந்து பிரிக்கக் கூடாது. சாரம் இவ்வளவுதான். இந்த முறையில் ‘சைதாப்பேட்டையிலிருந்து’ என்பதை சை, தாப், பேட், டை, யி, லி, ருந், து என்று எட்டுத் துண்டாக்கலாம். மலையாளக் கணினித் துறையில் அறியப்பட்ட சந்தோஷ் தோட்டிங்கல் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளுக்கு இந்தத் துண்டுப் பட்டியல்களை எழுதி இலவசமாகத் தந்திருக்கிறார். டெக் மென்பொருளுக்கான பொதுத் தொகுப்பில் தமிழ்ப் பட்டியல் அவர் பெயரில்தான் இருக்கிறது.

‘தமிழ்நாட்டி’ என்று உடைந்து ‘லிருந்து’ என்று அடுத்த வரி தொடங்கினால் இலக்கணப்படி தப்பில்லையா என்று சில தமிழாசிரியர்கள் கேட்பார்கள். நாட்டில், இருந்து என்று பிரிப்பதுதானே முறை என்பார்கள். பிரித்து எழுதினால் அப்படித்தான். சேர்த்து எழுதிய பிறகு அந்த ‘லி’ ஒரே எழுத்து, அதன் நடுவே கோடு போட வழியில்லை. வரி உடைப்புக்கு எழுத்து எல்லைதான் அளவு, பகுதி விகுதி அல்ல.

‘ஹைஃபன்ஸ்: ஆட்டோ’ போட்டுவிட்டேன். ஒன்றுமே நடக்கவில்லையே?

முதலில் பக்கத்தின் மொழி என்ன என்று எச்டிஎம்எல்லின் முதல் வரியில் பாருங்கள். ‘லாங்’ பண்பில் ஆங்கிலம் என்று இருக்கும். வெளிநாட்டு வார்ப்புருவை இறக்கி, உள்ளே இருக்கும் உரையை மட்டும் தமிழாக்கிய தளங்களில் இதுதான் வழக்கம். மொழி என்னவென்று அறிவிக்காமல் பிரவுசர் தானாக உடைக்காது. ஆங்கிலம் என்று அறிவித்தால் ஆங்கிலத் துண்டுகளை எடுத்துவந்து தமிழ்ச் சொல்லின் மேல் வைத்துப் பார்க்கும், ஒன்றும் பொருந்தாது, சும்மா போய்விடும். அங்கே தமிழுக்குரிய ‘டிஏ’ என்ற இரண்டெழுத்தைப் போடுங்கள். நடுவில் ஆங்கிலப் பத்தி வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் ஆங்கிலம் என்று தனியாகக் குறியுங்கள். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் எந்தக் குரலில் படிக்க வேண்டும் என்பதும் இதை வைத்துத்தான், எனவே ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

மொழி சரியாக இருந்தும் உடையவில்லை என்றால், அந்தப் பிரவுசரிடம் தமிழ்ப் பட்டியல் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. சிஎஸ்எஸ் தரம் எந்தெந்த மொழிக்குப் பட்டியல் வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. குரோம் ஆண்ட்ராய்டின் பட்டியல்களைப் பயன்படுத்துகிறது, அதில் தமிழ் உண்டு. கணினிக் குரோமிலும் 88ஆம் பதிப்பிலிருந்து ஹைஃபனேஷன் உண்டு, ஆனால் தமிழுக்கு நடக்கிறதா என்பது இயங்குதளத்தைப் பொறுத்து மாறலாம். மற்றவற்றில் நிலைமை பிரவுசருக்குப் பிரவுசர் மாறும். ‘சப்போர்ட்ஸ்’ என்று சிஎஸ்எஸ்ஸில் கேட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். பண்பு தெரியுமா என்று மட்டும்தான் அது பதில் சொல்லும், தமிழுக்குத் தெரியுமா என்று சொல்லாது. ஒரு குறுகிய பெட்டியில் நீளச் சொல் ஒன்றை வைத்துக் கண்ணால் பாருங்கள், அதுதான் சோதனை.

அப்புறம் எல்லை எண்கள். ‘ஹைஃபனேட்-லிமிட்-சார்ஸ்’ என்று ஒரு பண்பு உண்டு. சொல் எவ்வளவு நீளம் இருந்தால் உடைக்கலாம், கோட்டுக்கு முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை மிஞ்ச வேண்டும் என்று மூன்று எண்கள். ஒன்றும் சொல்லாமல் விட்டால் பொதுவாக 5, 2, 2. ஆங்கிலத்துக்கு அது பொருத்தம். தமிழில் ‘பே’ என்ற ஓர் எழுத்தே உள்ளுக்குள் இரண்டு குறியீடு, ஆகவே ஒற்றை எழுத்து வரி ஓரத்தில் தனியாக மாட்டிக்கொள்ளலாம். நான் 10, 4, 4 என்று வைப்பேன். இந்தப் பண்பு தெரியாத பிரவுசர் அதைக் கண்டுகொள்ளாமல் போகும், நஷ்டமில்லை.

உடைந்த இடத்தில் கோடு வேண்டுமா? செய்தித்தாள்களில் கோடே இல்லையே?

உண்மைதான். தமிழ் நாளிதழ்களின் குறுகிய பத்திகளில் சொல்லை உடைத்துக் கோடு போடாமலே விடுவது நெடுநாள் பழக்கம். அதற்கும் முன்னால் ஓலைச்சுவடியில் சொல் இடைவெளியே கிடையாது, ஓலை முடிந்த இடத்தில் வரி முடியும், பெரும்பாலும் புள்ளிகூட வைக்க மாட்டார்கள். படிக்கிறவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை. அப்படிப் பார்த்தால் கோடு போடுவது நமக்கு அச்சோடு வந்த பழக்கம்.

இணையத்திலும் கோடில்லாமல் உடைக்கலாம். ‘ஹைஃபனேட்-கேரக்டர்’ என்ற பண்புக்கு வெறும் மேற்கோள் குறிகளை, உள்ளே ஒன்றுமில்லாமல், மதிப்பாகக் கொடுத்தால் போதும். எழுத்துருவில் ஹைஃபன் சரியாக வரையப்படாமல், தமிழ் எழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாகக் கீழே கிடக்கும் தளங்களுக்கு இது வசதி.

என் கருத்தைக் கேட்டால், செய்திப் பத்தியில் கோடு வேண்டாம், பாடப் பக்கத்திலும் அரசு அறிவிப்பிலும் வேண்டும். செய்தி படிக்கிறவர் வேகமாகப் போவார், சூழல் அவரைத் தாங்கும். படிவம் நிரப்புகிறவருக்கு ‘தலைமை’ என்று ஒரு வரி முடிந்து ‘யாசிரியர்’ என்று அடுத்தது தொடங்கினால் ஒரு கணம் குழப்பம். கோடு இருந்தால் தொடர்கிறது என்று தெரிந்துவிடும். எல்லை எண்ணைக் கூட்டாமல் விட்டால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். ‘மக்’ என்று ஒரு வரி முடிய, அடுத்த வரி ‘கள்’ என்று தொடங்கும். மதுவிலக்குச் செய்தியில் அது நிகழ்ந்தால் எடிட்டருக்கு அன்று முழுக்க போன் வரும்.

‘2019-இல்’ என்று எழுதினால் ‘2019-’ ஒரு வரியிலும் ‘இல்’ அடுத்த வரியிலும் போகிறது. இது ஏன்?

14ஆம் இணைப்பின் விதிப்படி சிறு கோட்டுக்குப் பிறகு எழுத்து வந்தால் அங்கே வரி உடையலாம். எண் வந்தால் உடையாது. அதனால் ‘10-15’ ஒட்டி நிற்கும், ‘3-ஆம்’ பிரிந்து போகும். ஆங்கிலத்தில் கோட்டுக்குப் பின் பெரும்பாலும் முழுச் சொல் வரும், எனவே அவர்களுக்கு இது உறுத்தாது. நாமோ எண்ணோடு உருபைக் கோடு போட்டு ஒட்டுகிறோம். எனவே ஆண்டும் தேதியும் நிறைந்த வரலாற்றுக் கட்டுரைகளில் வரிக்கு வரி இது பல்லிளிக்கும்.

எளிய வழி, கோட்டையே விட்டுவிடுவது. ‘2019இல்’, ‘3ஆம்’ என்று எழுதினால் எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே உடையக் கூடாது என்று விதியே இருக்கிறது. கோடு கட்டாயம் வேண்டும் என்பவர்கள் சாதாரணக் கோட்டுக்குப் பதிலாக உடையாத ஹைஃபன் என்ற தனிக் குறியீட்டைப் போடலாம். அது உங்கள் தமிழ் எழுத்துருவில் இல்லையென்றால் வேறு எழுத்துருவிலிருந்து வந்து துருத்திக்கொண்டு நிற்கும். அப்போது சாதாரணக் கோட்டை வைத்து, அதன் பின்னால் ‘வேர்ட் ஜாயினர்’ என்ற கண்ணுக்குத் தெரியாத குறியீட்டைச் சேருங்கள். அது இருக்கும் இடத்தில் வரி உடையாது.

‘ரூ.’ தனியாகவும் ‘500’ தனியாகவும் நிற்பதைத் தடுக்க?

நடுவே சாதாரண இடைவெளிக்குப் பதில் உடையா இடைவெளி, எச்டிஎம்எல்லில் ‘என்பிஎஸ்பி’. அல்லது இடைவெளி இல்லாமல் ‘ரூ.500’. இடைவெளி விடாமல் எழுதினால் ₹ குறியும் எண்ணை விட்டுப் பிரியாது.

பெயரின் இனிஷியலுக்கும் இதே முறை. ‘எம்.ஜி.’ என்பதற்குள் புள்ளிக்குப் பின் இடைவெளி இல்லாததால் உடையாது. அதற்கும் ‘ராமச்சந்திரன்’ என்பதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் பலவீனமான இடம். ஆனால் ஆர்வத்தில் எல்லா இடைவெளியையும் உடையாததாக்கிவிடாதீர்கள். 2019இல் சென்ட்ரல் நிலையத்துக்கு ‘புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் சென்ட்ரல் ரயில் நிலையம்’ என்று பெயர் வைத்தார்கள். அதை முழுக்க ஒட்டவைத்தால் எந்தக் கைபேசியிலும் அடங்காது. இனிஷியலையும் பெயரையும் மட்டும் கட்டுங்கள், மற்றது உடையட்டும்.

சாஃப்ட் ஹைஃபன், ஜீரோ விட்த் ஸ்பேஸ், டபிள்யூபிஆர். எதைப் போடுவது?

மூன்றும் ‘இங்கே வேண்டுமானால் உடைக்கலாம்’ என்று கையால் குறிப்பவை. சாஃப்ட் ஹைஃபன், உடைந்தால் மட்டும் கோடு காட்டும். மற்ற இரண்டும் கோடு காட்டாது.

நான் பெரும்பாலும் டபிள்யூபிஆர் குறிச்சொல்லைத்தான் போடுகிறேன். காரணம், அது எச்டிஎம்எல் குறி, உரைக்குள் சேர்கிற எழுத்து அல்ல. மற்ற இரண்டும் உரைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். ஒருவர் ‘தேனாம்பேட்டை’ என்று உங்கள் தளத்திலிருந்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் அந்த மறைந்த குறியீடும் கூடப் போகும். உங்கள் தளத்தின் சொந்தத் தேடுபெட்டி அதைக் கழித்துப் பார்க்கும்படி எழுதப்படவில்லை என்றால், கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ‘தேனாம்பேட்டை’யில் ஒன்று தேடலில் கிடைக்கும், மற்றது கிடைக்காது. இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது லேசில் ஆகாது. வேறு வழியில்லாமல் சாஃப்ட் ஹைஃபன் போட்டால், தரவுத்தளத்தில் சேமிக்கும்போது போடாமல் பக்கத்தைக் காட்டும் நேரத்தில் நிரல் வழியாகச் சேருங்கள்.

எங்கே போடுவது என்பதில் தயக்கம் வேண்டாம். ஊர்ப் பெயர் என்றால் ‘பேட்டை’, ‘பாக்கம்’, ‘புரம்’, ‘நகர்’ ஆகியவற்றுக்கு முன்னால். ‘தேனாம்’, ‘பேட்டை’ என்று உடைந்தால் யாருக்கும் உறுத்தாது. இயந்திரம் ஒலிப்பைத்தான் பார்க்கும், நாம் பொருளையும் பார்க்கலாம். முகப்புப் பக்கத்துத் தலைப்புகளுக்காவது இந்த உழைப்பைக் கொடுக்கலாம்.

பத்தியை இரு ஓரமும் நேராக இருக்கும்படி வைக்கலாமா?

கைபேசியில் வேண்டாம். வரிக்கு மூன்று நான்கு தமிழ்ச் சொற்கள்தான் வரும். மிச்ச இடத்தை அந்த இரண்டு மூன்று இடைவெளிகள்தான் பங்குபோட வேண்டும். பற்கள் விழுந்த வாய்போல ஆகிவிடும். அச்சில் இதைச் சமாளிக்க ஆள் இருந்தார், சொல்லை உடைத்தும் வாக்கியத்தையே கொஞ்சம் மாற்றியும் வரியை நிரப்புவார். டெக் மென்பொருளும் பத்தி முழுவதையும் ஒருசேரப் பார்த்து உடைக்கும் இடங்களை முடிவு செய்யும். நூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் எழுதிய கட்டுரை அந்த முறையை விளக்குகிறது. பிரவுசரின் இயல்பான முறை அப்படியல்ல, வரி நிரம்பியதும் அடுத்ததற்குப் போய்விடும், திரும்பிப் பார்க்காது.

‘பத்திரிகை மாதிரி இருக்கணும் சார்’ என்று வாடிக்கையாளர் அடம்பிடித்தால், அகலமான திரைக்கு மட்டும், ஹைஃபனேஷனோடு சேர்த்து, நேராக்கிக் கொடுங்கள். குறுகிய திரையில் இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும்.

தலைப்பின் கடைசி வரியில் ஒரே ஒரு சொல் தொங்குகிறது. அதற்கு வழி?

‘டெக்ஸ்ட்-ராப்: பேலன்ஸ்’. வரிகளை ஏறக்குறைய ஒரே நீளமாக்கும். குரோமில் 2023இல் 114ஆம் பதிப்பில் வந்தது, பிற பிரவுசர்களும் பின்னால் சேர்ந்துகொண்டன. குரோமில் ஆறு வரிக்கு மேல் போனால் வேலை செய்யாது, எனவே தலைப்புக்கு மட்டும். பத்திக்கு ‘பிரிட்டி’ என்ற மதிப்பைப் பாருங்கள்.

‘லக்ஷ்மி’, ‘ஸ்ரீபெரும்புதூர்’ விசித்திரமாக உடைகின்றன.

‘க்ஷ’வும் ‘ஸ்ரீ’யும் பார்வைக்கு ஒரே எழுத்து, யூனிகோடில் கூட்டு. க், ஷ என்று இரண்டு தொகுதி. ஸ், ரீ என்று இரண்டு தொகுதி. 2023இல் வந்த யூனிகோடு 15.1 தேவநாகரி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் போன்ற சில எழுத்து முறைகளின் கூட்டெழுத்துகளை ஒரே தொகுதியாகக் கருதும் விதியைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. நமக்கு ‘க்க’, ‘ட்ட’ எல்லாம் இரண்டு எழுத்துதான் என்பதால் அது நியாயமே. இந்த இரண்டு விதிவிலக்குகள்தான் மாட்டிக்கொண்டன. இப்படிப்பட்ட சொல்லை ‘ஸ்பேன்’ குறிச்சொல்லுக்குள் வைத்து ‘வைட்-ஸ்பேஸ்: நோராப்’ கொடுத்துவிடுங்கள். நடுவே வேர்ட் ஜாயினரைச் செருகாதீர்கள், கூட்டெழுத்தின் வடிவமே கலைந்துவிடலாம்.

செய்யுளை எப்படி வைப்பது?

செய்யுளில் வரி என்பது யாப்பு. குறள் வெண்பாவுக்கு முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. குறுகிய திரையில் நான்காம் சீர் மடிந்து கீழே வந்தால் மூன்று அடி போலத் தெரியும். தடுக்க முடியாது, ஆனால் மடிந்தது என்று காட்ட முடியும். ஒவ்வோர் அடியையும் தனிப் பெட்டியாக்கி, இடது பக்கம் உள்ளிடம் விட்டு, முதல் வரிக்கு மட்டும் அதே அளவு எதிர்மறை உள்தள்ளல் கொடுங்கள். மடிந்த சீர் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும். செய்யுளில் ஹைஃபனேஷனை அணைத்துவிடுங்கள்.

பழைய எழுத்துருவில் தட்டிய கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தமிழ் என்பது வெறும் வேடம், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் புள்ளி இருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். வரி உடைப்பு விதி உள்ளே இருப்பதைத்தான் பார்க்கும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மறுவேலை. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்ற டேஸ்16 குறியாக்கத்தில் உள்ள உரைக்கும் இதே நிலைதான். அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால் பிரவுசருக்கு அது தமிழ் என்றே தெரியாது.

மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்பிலோ பிடிஎஃப்பிலோ இருந்து எடுத்த உரையில் பழைய வரி முடிவுகளும் கோடுகளும் அப்படியே வந்திருக்கும். ‘சைதாப்-’ என்று முடிந்து ‘பேட்டை’ என்று அடுத்த வரி தொடங்கும். கோட்டைக் கண்மூடித்தனமாக நீக்கினால் ‘தாய்-சேய்’ போன்ற உண்மையான கோடுகளும் போய்விடும். வரி இறுதியில் உள்ள கோடுகளை மட்டும் தேடி, ஆள் வைத்துப் பாருங்கள்.

முகப்பில் கட்டுரைச் சுருக்கம் 100 எழுத்தில் வெட்டப்படுகிறது. கடைசிச் சொல்லில் எழுத்துப் பிழை வருகிறதே?

நிரல் குறியீடுகளை எண்ணி வெட்டுகிறது, எழுத்துகளை அல்ல. ‘சென்னையில்’ என்பதன் புள்ளிக்கு முன்னால் வெட்டினால் ‘சென்னையில’ என்று நிற்கும். ஏதோ பேச்சுத் தமிழ் என்று நினைத்து யாரும் கவனிக்க மாட்டார்கள். ‘திரு’ வெட்டுப்பட்டு ‘திர’ ஆகும். ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘செக்மென்டர்’ என்ற வசதி எழுத்துத் தொகுதி பார்த்துப் பிரித்துத் தரும். ஃபயர்ஃபாக்ஸும் 2024இல் அதைச் சேர்த்துவிட்டதால் இப்போது தயங்காமல் பயன்படுத்தலாம். அதைவிட எளிது, கடைசி இடைவெளியில் வெட்டுவது.

எல்லாம் முடித்த பிறகு எப்படிச் சோதிப்பது?

கணினியில் ஜன்னலை 1280 பிக்சல் அகலத்தில் வைத்து 400 சதவீதம் பெரிதாக்குங்கள். பக்கம் 320 பிக்சல் அகலத்துக்குச் சமமாகிவிடும். அந்த அகலத்தில் பக்கவாட்டில் உருட்டாமல் படிக்க முடிய வேண்டும் என்று அணுகல் வழிகாட்டுதலான டபிள்யூசிஏஜி 2.1 கேட்கிறது. பார்வை குறைந்தவர்கள் உண்மையிலேயே இப்படிப் பெரிதாக்கித்தான் படிக்கிறார்கள். ஆங்கிலப் பக்கம் தேறிவிடும், அதே வார்ப்புருவில் தமிழ்ப் பக்கம் தோற்கும், காரணம் அந்த நீளச் சொற்கள்தான்.

சோதனைப் பத்தியில் ‘திருவல்லிக்கேணியிலிருந்து’, ‘நுங்கம்பாக்கத்திலுள்ளவர்களுக்கும்’, ‘2019-இல்’, ‘ரூ. 500’, ‘லக்ஷ்மி’, இனிஷியலோடு ஒரு பெயர், நடுவே ஓர் ஆங்கில முகவரி, இத்தனையும் இருக்கட்டும். ஜன்னலை மெல்லக் குறுக்கிக்கொண்டே வரிகளின் இடது ஓரத்தை மட்டும் பாருங்கள். அங்கே புள்ளி வைத்த எழுத்து ஏதாவது தலைகாட்டினால், ஹைஃபனேஷன் வேலை செய்யவில்லை, விபத்துக் காப்புதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘லாங்’ பண்பிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.